கணிப்பொறிக் கட்டட மாதிரிகள்: அளவும் மேற்பரப்பும்

கட்டடங்களின் வடிவத்தைக் கணிப்பொறியில் மாதிரியாக அமைக்கும் முறை, பழஞ்சின்னங்களின் பாதுகாப்பிலும் வகுப்பறைகளிலும் இன்று கையாளப்படுகின்றது. இம்மாதிரி கண்ணுக்கு இனிதாய்த் தோன்றினால் மட்டும் போதாது. பழுதுபார்ப்பதற்கு வேண்டிய கல்லையும் சாந்தையும் அதனைக் கொண்டே கணக்கிடுவோர் உளர். மாதிரி பிழைபடின் கணக்கும் பிழைபடும். ஆதலின், முதலில் அளவு, பின்னரே மேற்பரப்பு என்னும் ஒழுங்கு கைக்கொள்ளத் தக்கது.

அளவைச் சரிசெய்தல்

சாதாரண ஒளிப்படங்களினின்று மட்டும் உருவாக்கப்பெற்ற மாதிரிக்கு உண்மையான அளவு தானாக அமைவதில்லை. கட்டடத்தில் எஃகு நாடாவினால் அளந்த ஒரு நீளத்தைக் கொண்டு மாதிரி முழுவதையும் பெருக்கவோ சுருக்கவோ வேண்டும். பின்னர், வேறொரு திசையில் அளந்த நீளத்துடன் அதனை ஒப்பிடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, டெல்லியிலுள்ள குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர், அடிப்பகுதியின் விட்டம் 14.32 மீட்டர். உயரத்தைச் சரிசெய்த பின்னரும் விட்டம் பொருந்தாவிடில், மாதிரியின் வடிவமே பிழைபட்டுள்ளது என அறியலாம்.

நீளம் நூற்றுக்கு 3 பங்கு மிகுமாயின், பரப்பு ஏறத்தாழ 6 பங்கும் கனஅளவு 9 பங்கும் மிகும். அடிக் கணக்கில் குறித்த எண்களை மென்பொருள் மீட்டராகக் கொள்ளுமாயின், கனஅளவு ஏறத்தாழ 35 மடங்காகிவிடும்.

மேற்பரப்பை அமைத்தல்

சுவருக்கு நேர் எதிரே நின்று, மேகம் மூடிய வேளையில் படமெடுத்தல் நன்று. வெயிலில் எடுத்த படத்தின் நிழல் மாதிரியிலும் நிலைத்து, இல்லாத வெடிப்பை உள்ளதுபோற் காட்டக்கூடும். 1,024 படப்புள்ளி அகலமுள்ள படம் 2 மீட்டர் அகலச் சுவரை மூடுமாயின், ஒரு புள்ளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டரைக் குறிக்கும். அதனினும் மெல்லிய வெடிப்புகளை ஆராய வேண்டுமாயின், அருகிலிருந்து எடுத்த படங்கள் தேவை.

செங்கற்சுவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 190 × 90 × 90 மில்லிமீட்டர் தர அளவுச் செங்கல், 10 மில்லிமீட்டர் சாந்துடன் சேர்ந்து 100 மில்லிமீட்டர் உயரமாகும். ஆகவே, இத்தகைய 3 மீட்டர் உயரச் சுவரில் 30 வரிசைகள் காணப்படல் வேண்டும். மாதிரியில் 20 வரிசைகளே தென்பட்டால், படம் ஒன்றரை மடங்கு பெரிதாக ஒட்டப்பட்டுள்ளது என்பது தெளிவு. வேறு அளவுச் செங்கல்லாயின், நேரில் 10 வரிசைகளை அளந்து இக்கணக்கைச் செய்யலாம். பள்ளிச் சுவரிலேயே மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம்.

ஒரே கல்லின் படத்தைக் கட்டடம் முழுவதும் ஒட்டுதல் தகாது. குதுப் மினாரின் கீழ் மூன்று அடுக்குகள் செந்நிற மணற்கல்லாலும், மேலிரண்டு அடுக்குகள் சலவைக்கல்லும் மணற்கல்லும் கலந்தும் அமைந்தவை. 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் மேற்பகுதியைச் செப்பனிட்ட வரலாற்றுக்கு இவ்வேறுபாடு சான்றாகும். ஒரே படம் அச்சான்றை மறைத்துவிடும்.

அளந்த நீளங்கள், அளந்த நாள், பயன்படுத்திய கருவி ஆகியவற்றை மாதிரியுடன் எழுதி வைத்தல் இன்றியமையாதது. பின்னர் வருவோர் அம்மாதிரியைச் சோதித்தறிய அதுவே துணையாகும்.