ஐப்பசி மழைக்கு முன் பிரேக் ஆயிலைக் கவனியுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மத்தியில் ஆரம்பமாகி டிசம்பர் வரை நீடிப்பது வழக்கமாதலாலும், தீபாவளி விடுமுறையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு காரில் பிரயாணம் செய்வோர் பலராதலாலும், கார் வைத்திருப்போர் புரட்டாசி முடிவதற்குள் செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு: பிரேக் ஆயிலைச் சோதித்து, காலம் கடந்திருந்தால் மாற்றிவிடுவதே அது.

நம் கார்களில் பெரும்பாலும் வழங்கும் டாட் 3, டாட் 4 ரகங்கள் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும் சுபாவமுடையவை. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வரையேனும் கொதிக்கக் கூடாது என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்துவிட்டாலோ அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே ஒருவர் இறங்குவாரானால், சக்கரத்தில் பிறக்கும் உஷ்ணம் ஆயிலை எட்டி, அதிலுள்ள நீரை ஆவியாக்க, அழுத்தத்துக்குச் சுருங்காத திரவத்தின் நடுவே சுருங்கும் ஆவிக் குமிழிகள் புகுந்து, பெடல் தரைவரை சென்றும் சக்கரத்தில் பிடிமானம் இல்லாத பேரபாயம் நேரக்கூடும். டப்பாவில் ஆயில் நிறைய இருக்கிறதென்று திருப்தியடைவது போதாதென்பது இதனால்தான். அளவைப் போலவே அதன் வயதும் முக்கியம்.

சமதரையில் காரை நிறுத்தி, என்ஜின் ஆறியபின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம், கண்ணாடியை ஒட்டி, வெளிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று தெரியும். மூடியைத் திறக்காமலே, ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே நிற்கிறதா என்று வெளியிலிருந்தே அறியலாம். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் கசிவு இருக்கலாம். சக்கரங்களின் உட்புறத்தையும் ரப்பர் குழாய்களையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரம் தென்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே காரை எடுங்கள். நிறம் கருத்திருப்பதும் ஓர் அறிகுறியே. ஆயினும் தெளிவாக இருப்பதனாலேயே நல்லதென்று நம்பிவிடலாகாது.

காரோடு தந்த கையேடு வேறு கூறாவிடில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது உசிதம். மூடியில் குறித்துள்ள ரகத்தையே, சீல் உடையாத பாட்டிலில் வாங்குங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு ஒருபோதும் கலக்கலாகாது. என்ஜின் ஆயில் துளி சேர்ந்தாலும் உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெடும். பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நான்கு சக்கரங்களிலும் பழையது வெளியேறி, காற்றும் நீங்கியபின், பெடல் மிதிக்கக் கெட்டியாக நிற்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்வது அவசியம்.

மலையிறங்குகையில் ஏறிய கியரிலேயே, வேண்டுமாயின் அதற்கும் கீழான கியரில், இறங்குங்கள். பெடல் மெத்தென்று அமுங்கினாலும், பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தாலும், பிரயாணத்தை அத்துடன் நிறுத்துங்கள். ஆறியபின் பிரேக் மீண்டும் பிடித்தாலும் அதை நம்பி மேலே செல்லாதீர்கள். ஆயில் மாற்றிய தேதியை சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அந்தத் தேதி தெரியாதவர்கள், மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டதென்றே கொண்டு இந்த வாரமே மாற்றிவிடுவது நலம்.