கிண்ணத்துக்குள் ஓர் ஒத்திகை

அன்புள்ள பேத்திக்கு,

ரத்த வகை ஒன்றாக இருந்தால் யாருடைய சிறுநீரகத்தையும் யாருக்கும் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ரத்த வகை வாசற்படி மட்டும்தான் கண்ணம்மா. உள்ளே இன்னும் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் அறுவை மருத்துவர் ஜோசப் மர்ரேயின் குழு, ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்தானா என்று அறிய, கைரேகைகளைக்கூட ஒப்பிட்டார்கள். ஒருவர் தோலை மற்றவர் உடம்பில் ஒட்டி, அது உதிராமல் பிடிக்கிறதா என்று காத்திருந்தார்கள். பிடித்தது. ரிச்சர்ட் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

எல்லோருக்கும் இரட்டையர் கிடைப்பார்களா? நம் உயிரணுக்களின் மேல் எச்.எல்.ஏ. என்னும் அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி பெறுகிறோம். கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே அவை முழுதாக ஒத்துப்போக நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. இது முதல் கதவு.

இரண்டாவது கதவை மருத்துவர்கள் துயரத்தோடுதான் கண்டுபிடித்தார்கள். ரத்தக்குழாய்களை இணைத்ததும் புதுச் சிறுநீரகம் இளஞ்சிவப்பாகும், சிறுநீரும் வரும். ஆனால் சிலருக்கு, தையல் போட்டு முடிப்பதற்குள்ளேயே அது நீலம்பாரித்துத் துவண்டுவிடும். கொடுத்தவரின் அடையாளங்களைத் தாக்கும் ஆன்டிபாடிகள் நோயாளியின் ரத்தத்தில் முன்பே தயாராக இருந்ததுதான் காரணம். முன்பு ஏற்றிய ரத்தத்தாலோ, முன்பு பொருத்திய உறுப்பாலோ அவை உருவாகியிருக்கலாம். கர்ப்பத்தாலும் உருவாகலாம். வயிற்றுப் பிள்ளையிடம் பாதி அடையாளம் தகப்பனுடையது அல்லவா? அதை அந்நியமாகக் கண்டு தாயின் உடல் ஆன்டிபாடிகளை உண்டாக்கியிருந்தால், பல ஆண்டுகள் கழித்துக் கணவர் மனமுவந்து தரும் சிறுநீரகத்தை அவை அடித்து வீழ்த்திவிடும். இதில் யார் மீதும் குற்றமில்லை. தெரியாமல் அறுவை செய்வதுதான் கொடுமை.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள எளிய வழியைத் தந்தவர் பால் தெராசாக்கி. 1929இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர்; ஜப்பானிய வம்சத்தினர் என்பதற்காக, இரண்டாம் உலகப் போரின்போது சிறுவயதிலேயே குடும்பத்தோடு அரிசோனா முகாமில் அடைக்கப்பட்டவர். 1964இல் அவர் வெளியிட்ட முறைக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், போதும். ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு! குட்டிக் கிண்ணத்தில் நோயாளியின் சீரத்தையும் கொடுப்பவரின் வெள்ளையணுக்களையும் கலந்து, ஆன்டிபாடி இருந்தால் அது அணுக்களைக் கொல்லத் துணையாக முயலின் சீரத்தைச் சேர்ப்பார்கள். பிறகு சாயம். செத்த அணு சாயத்தை ஏற்கும், உயிருள்ளது ஏற்காது. அணுக்கள் செத்திருந்தால் உடலுக்குள் சிறுநீரகத்துக்கும் பெரும்பாலும் அதே கதிதான். இதற்குத்தான் கிராஸ் மேட்ச் என்று பெயர்.

1969இல் ரமோன் படேலும் தெராசாக்கியும் வெளியிட்ட கணக்கைப் பார். கிராஸ் மேட்ச் பாசிட்டிவாக, அதாவது அணுக்கள் செத்ததாக, இருந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே பழுதானது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே. அதன் பிறகு இந்தச் சோதனையைத் தவிர்க்க யாருக்கும் நியாயம் இருக்கவில்லை.

இப்போது இன்னும் நுட்பமான கருவிகள் வந்துவிட்டன. ஆன்டிபாடி அளவு மாறிக்கொண்டே இருப்பதால் பழைய சீரத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். காத்திருக்கும் காலத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பாசிட்டிவ் என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. இதேபோல் பொருந்தாமல் தவிக்கும் இன்னொரு தம்பதியோடு சிறுநீரகங்களை மாற்றிக்கொள்ள, 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தியச் சட்டத்திலும் இடமுண்டு. அப்போதும், இரண்டு ஜோடிகளுக்கும் முதலிலிருந்து கிராஸ் மேட்ச் பார்ப்பார்கள்.

அன்புடன்,
தாத்தா