வாசலில் இருந்தே நிலாவைப் படிப்போம்



மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து தங்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கன்னியம்மனைக் கும்பிட்டு, மணலிலேயே கல்யாணமும் நடத்துவாங்க. அது பௌர்ணமியை ஒட்டி வருகிற நாள். பௌர்ணமி சாயங்காலம் சூரியன் செங்கல்பட்டு பக்கம் இறங்கும்போது, கிழக்கே கடலில் இருந்து நிலா எழும்பும். நம் கரை கிழக்கு பார்த்த கரை என்பதால் காசில்லாமல் கிடைக்கிற காட்சி இது.

இதை ஒரு மாதம் தொடர்ந்து கவனிக்கலாம். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், பொழுது சாய்ந்ததும் மேற்கே பாருங்க. பாடப்புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கும். நம் ஊர் வானத்தில் படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். தினமும் ஒரே இடத்தில் நின்று, நேரத்தையும் வடிவத்தையும் வரைந்து வையுங்க. ஏழெட்டு நாளில் அரை நிலா, விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அதனால் தேய்பிறையை ராத்திரி தேட வேண்டாம். விடியற்காலை வாசல் தெளிக்கும்போது பார்த்தாலே போதும். அமாவாசையில் இருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29½ நாள்.

நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டால் பூமியின் நிழல் விழுவதால் என்று பலர் சொல்வாங்க. அது சரியல்ல. அடுத்த குழுக் கூட்டத்தில் செய்து பாருங்க. இருட்டு அறையில் ஒரே ஒரு பல்பு, கையில் ஒரு பந்து. பல்பைப் பார்த்து நின்று பந்தை நீட்டிப் பிடித்தால், நம் பக்கம் இருட்டு. அது அமாவாசை. இடது பக்கமாக மெல்லத் திரும்புங்க, வெளிச்சம் வளரும். பல்புக்கு முதுகு காட்டி, பந்தைத் தலைக்கு மேல் தூக்கினால் முழு நிலா. கொஞ்சம் இறக்கினால் நம் தலையின் நிழல் பந்து மேல் விழும். அதுதான் சந்திர கிரகணம்! நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை.

2025 செப்டம்பர் 7 இரவு முழு கிரகணம் வந்தது. நிலா 82 நிமிடம் செம்பு நிறத்தில் இருந்தது. வெறும் நிழல்தான். ஆனால் அதற்காகக் கர்ப்பிணிப் பெண்ணை அறையில் அடைத்து, தண்ணீர்கூடத் தராமல் வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நிழலால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளவுபடாது. பட்டினி கிடந்தால்தான் தாய்க்கு மயக்கம் வரும். மருமகளுக்கு அன்று யார் சோறு போடுவது? மாமியாராக இருக்கிற நாம்தான். சந்திர கிரகணத்தை அவளும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அமாவாசையில் வரும் சூரிய கிரகணத்தை மட்டும் யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும்.

கடலோரத் தோழிகளுக்கு இன்னொரு வேலை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால், அந்த நாட்களை ஒட்டிக் கடல் அதிகம் ஏறி இறங்கும். குஜராத் கரை அளவுக்கு நம் பக்கம் இல்லை என்றாலும், முட்டுக்காடு கழியில் இறங்கி இறால் தடவுகிற பெண்களுக்கு இது தெரியும். உங்கள் நோட்டில் நிலா உதித்த நேரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஏறிய நேரத்தையும் எழுதிப் பாருங்க. இரண்டும் நாளுக்கு நாள் சேர்ந்தே தள்ளிப் போகும்.