எந்த நிரூபணம் உங்களுக்கு?

பிதாகரஸ் தேற்றத்துக்கு எந்த நிரூபணத்தைப் படிப்பது என்பதைப் பிள்ளைகள் யோசித்து முடிவு செய்வதில்லை. சிலர் கைபேசியில் பார்த்த வண்ணக் காகித வித்தையில் மயங்குகிறார்கள். சிலர் அப்பா வாங்கித் தந்த கைடை உருப்போடுகிறார்கள்.

வழிகள் தெரிந்தவைதாம். யூக்ளிடின் முதல் புத்தகத்தில் 47ஆவது கூற்று சர்வசம முக்கோணங்கள் வழியாகப் போகும். படத்தில் கோடுகள் அதிகம். பின்னாளில் அமெரிக்க அதிபரான கார்ஃபீல்டு 1876இல் சரிவகத்தை வைத்துச் செய்தது சுருக்கமானது. இயற்கணிதம் கைவந்தவர்களுக்கு ஏற்றது. மூன்றாவது, வடிவொத்த முக்கோணங்கள்.

இவற்றை விட்டுக் காகிதம் வெட்டி அடுக்கப் போகிறவர்களுக்குத்தான் என் எச்சரிக்கை. பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள செங்கோண முக்கோணங்களை வைத்து, நடுவில் மிஞ்சுவது கர்ணத்தின் மேல் அமைந்த சதுரம் என்கிறார்கள். அது ஏன் சதுரம்? "பார்த்தாலே தெரியுதே சார்!" கண்ணை நம்பினால் 8க்கு 8 சதுரத்தை நான்கு துண்டாக்கி, 5க்கு 13 செவ்வகமாக அடுக்கி, 64ஐ 65 ஆக்கிவிடலாம். துண்டுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், கண்ணில் படாது. முக்கோணத்தின் இரு குறுங்கோணங்கள் சேர்ந்து 90 பாகை, ஆகவே நேர்க்கோட்டில் மிச்சமும் 90 பாகை என்று எழுதாதவரை அது கைவேலைதான். எழுதத் தெரிந்தவருக்குக் கத்தரிக்கோலே வேண்டாம்.

என் கட்சி வடிவொத்த முக்கோணங்கள், மறைக்கவில்லை. கரும்பலகையில் அதிகம் வரைந்ததும் இதைத்தான். செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்துக்கோடு வரையுங்கள். கிடைக்கும் இரண்டு சிறிய முக்கோணங்களிலும் ஒரு செங்கோணம் உண்டு. பெரியதோடு பொதுவான கோணமும் ஒன்று உண்டு. ஆகவே மூன்றும் வடிவொத்தவை. விகிதங்களை எழுதினால், ஒவ்வொரு பக்கத்தின் வர்க்கமும் கர்ணத்தை அந்தப் பக்கத்தை ஒட்டிய துண்டால் பெருக்கியதற்குச் சமம். 3, 4, 5 முக்கோணத்தில் துண்டுகள் 1.8, 3.2. 5×1.8=9; 5×3.2=16; கூட்டினால் 25. இரண்டு துண்டுகளும் சேர்ந்தால் முழுக் கர்ணம் என்பதால், எந்தச் செங்கோண முக்கோணத்திலும் இது பிசகாது. நாளைக்கு முக்கோணவியலில் சைன், கொசைன் என்று வருவதும் இதே விகிதங்கள்தாம்.

விகிதத்தில் தடுமாறுகிறவர்கள் முதலில் தேலஸ் தேற்றத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டே நாளில் முடித்துவிட்டதே என்று அவசரப்படுத்தாதீர்கள். கணக்கு சிலருக்குப் படமாக ஏறும், சிலருக்கு எழுத்தாக ஏறும். எந்த வழியானாலும், புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ, அங்கிருந்து மறுபடி படியுங்கள்.