வடிகாலில் விழும் சேறு

கேள்வி: சிங்கப்பூர், ஜோகூர் பாரு இரண்டிலும் ஒரே மழைதான். கட்டுமானத் தளத்து மண் அரிப்பைத் தடுக்க எந்த ஊர் விதி மேல்?

பதில்: சிங்கப்பூரின் விதி என்பேன். மலேசியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சி மன்றம் வரைபடத்தை ஏற்காமல் மண்வேலையைத் தொடங்க முடியாது. மண் அரிப்புத் தடுப்புத் திட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதை வடிகால் துறையின் 2012ஆம் ஆண்டுக் கையேடு விரிவாகவே சொல்கிறது. ஆனால் அங்கே கனம் பெரும்பாலும் முன்கூட்டிய ஒப்புதலில் விழுகிறது. சிங்கப்பூரிலும் திட்டம் கேட்கிறார்கள், அதோடு விடுவதில்லை. தளத்திலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக் கூடாது. அதைக் கண்காணிக்க வெளியேறும் இடத்திலேயே கேமரா வைக்கச் சொல்கிறார்கள். திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், குழாய் வாயில் பழுப்பு நீர் வந்தால் மீறல் மீறல்தான்.

வெப்பமண்டலப் பெருமழையில் இந்த அளவு நடக்காத காரியம் என்பார்கள். களிமண் துகள் தானாகப் படிய நாள்கணக்காகும் என்பது உண்மைதான். அதனால்தான் படிவிக்கும் ரசாயனம் சேர்த்துச் சுத்திகரிக்கிறார்கள். அதைவிட மலிவான வழி, தோண்டிய சரிவை அன்றன்றே தார்ப்பாயால் மூடி, வெற்று மண்ணின் பரப்பைக் குறைப்பது. சிறு ஒப்பந்தக்காரருக்குச் செலவு கூடுமே என்ற கவலையும் நியாயமானது. ஆனால் விதி தளர்ந்தால் அந்தச் செலவு மறைந்துவிடாது. வடிகாலைத் தூர்வாரும் நகராட்சியும், வெள்ளம் புகுந்த வீட்டுக்காரரும், இரு ஊருக்கும் நடுவே ஜோகூர் நீரிணையில் மீன் வளர்ப்பவர்களும்தான் அதைச் சுமக்கிறார்கள்.