நீர்மட்டமும் பரிசல் துறையும்

திருவண்ணாமலை நகருக்குள் ஆறு இல்லை. இரமணாசிரமத்தை ஒட்டியுள்ள பாலி தீர்த்தமும் கிரிவலப் பாதையின் பிற குளங்களும் மலையில் பெய்யும் மழையை எதிர்நோக்கியே இருப்பவை. நகர மக்களின் குடிநீருக்குத் தென்பெண்ணையும் அதன் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையும் துணைநிற்கின்றன. ஆற்றைக் கண்ணால் காணாத தெருவிலும் வறட்சியின் அளவைக் குடங்களின் வரிசை காட்டிவிடும்.

வறட்சியில் ஆறு இறங்குவதற்கு மழையின்மை மட்டுமே காரணம் அன்று. மழையற்ற மாதங்களில் ஆற்றை ஓடச்செய்வது நிலத்தடியிலிருந்து மெல்லக் கசிந்து வரும் நீரே. கரையோரக் கிணறுகள் ஆழமாகி, மணலும் அள்ளப்பட்டால் அக்கசிவு குறைகிறது. கோடை வெயில் அணைநீரை ஆவியாக்குகிறது. ஒருமுறை மழை பெய்தாலும் காய்ந்த நிலமே அதனை முதலில் குடித்துக்கொள்ளும்.

சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. நீர்மட்டம் பாதி உயரத்தில் நிற்கிறது என்று செய்தியில் கேட்டால், பாதி நீர் இருக்கிறது என நாம் மகிழ்ந்துவிடுகிறோம். நீர்த்தேக்கம் செங்குத்தான தொட்டி போன்றதன்று. அடி குறுகி வாய் அகன்ற கிண்ணம் போன்றது. காவிரியின் மேட்டூர் அணையில் இது தெளிவாகத் தெரியும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை 120 அடியில் 93.47 டி.எம்.சி. நீரைக் கொள்ளும். 60 அடியிலோ ஏறத்தாழ 25 டி.எம்.சி.தான் இருக்கும். உயரம் பாதியாகும்போது நீர் கால் பங்கைச் சற்றே விஞ்சுகிறது!

நீர் இறங்கும்போது கரையும் பின்வாங்குகிறது. சரிவு குறைந்த இடத்தில் ஓரடி நீர் குறைந்தாலும் கரை நெடுந்தொலைவு விலகிவிடும். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடித் துறையிலிருந்து மக்கள் மறுகரை நாகமரைக்குப் படகிலும் பரிசலிலும் செல்வது வழக்கம். நீர் வற்றினால் துறை இடம்பெயர்கிறது; பயணிகள் சேற்றைக் கடந்து படகேற வேண்டியுள்ளது. அணை கட்டியபோது மூழ்கிய சலகண்டேசுவரர் கோயில் நந்தி சிலையும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளிப்படுகின்றன. அவற்றைக் காணவும் மக்கள் திரள்கின்றனர். வறட்சியே காட்சிப்பொருளாவது விந்தைதான்.

மேட்டூருக்கு மேலே உள்ள ஒகேனக்கல்லில் பரிசல் சவாரியே பலருக்குப் பிழைப்பு. மூங்கில் பிளாச்சுகளால் முடையப்பட்ட வட்டப் பரிசல் மிதப்பதற்கு மிகுந்த ஆழம் வேண்டியதில்லை. ஆயினும் நீர் குறைந்தால் பாறைகள் தலைநீட்டி வழியை மறிக்கும். ஓட்டும் தொலைவு சுருங்கும். அருவி மெலிந்தால் பயணிகளும் குறைவர். நமக்கு அது தள்ளிப்போட்ட ஓர் உல்லாசப் பயணம். பரிசல் ஓட்டுநருக்கோ அன்றைய உலைநீர். பரிசலை நம்பியே மீன் வறுத்து விற்போரும், எண்ணெய் தேய்த்துவிடுவோரும் அங்கே வாழ்கின்றனர்.

வெள்ளம் வந்தாலும் பரிசல் நிற்கும். அப்போது பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தைக் கொண்டு மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். நீர் தணிந்ததும் தடை நீங்கும். வறட்சிக்கு அத்தகைய ஆணை எதுவும் இல்லை. ஆட்களும் வருவாயும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைவதே அதன் அறிவிப்பு.

2024ஆம் ஆண்டு இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது. போதிய நீர் இல்லாமையால், பாசனத்திற்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளாகிய சூன் 12 திறப்பின்றிக் கழிந்தது. சூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடிக்கு அருகில் இருந்தது. கருநாடகத்தில் பருவமழை வலுத்தபின் வெள்ளம் பெருகி, சூலை 30 அன்று அணை 120 அடியை எட்டியது. கோடை முழுவதும் நீருக்காகக் காத்திருந்த ஒகேனக்கல் பரிசல்கள் அப்போதும் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தன.