நோயாளரைக் காணச் செல்லும் நாய்

நியூயார்க் நகரத்து உளநூலறிஞர் போரிஸ் லெவின்சன் என்பார், எவரோடும் ஒட்டாத சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்சுடன் உறவாடக் கண்டு, நாயும் மருத்துவர்க்குத் துணையாகும் என 1962-ஆம் ஆண்டில் எழுதினார். இன்று அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றுள் பழக்கிய நாய்கள் நோயாளரைக் காணச் செல்கின்றன.

சாதுவான நாய்தானே என்று அதன் வாரைக் கைவிடுதல் ஆகாது. வழுக்குந் தரை, உருளுங் கட்டில், மருந்து நெடி, சூழ்ந்து தடவும் கைகள் ஆகிய இவை அதனை மருட்டும். அம்மருட்சியை நாய் தன் மெய்யினாற் புலப்படுத்தும். உறக்கமின்றியே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகந் திருப்பும், வாலை ஒடுக்கும். வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சியன்று என்பதைப் பலர் அறியார். இக்குறிகளைக் கண்டவுடன், குழந்தை அழுது வேண்டினும், உடன் சென்றவர் நாயை வெளியே அழைத்துச் செல்லல் வேண்டும். உறுமும்வரை காத்திருத்தல் கூடாது. 'பெட் பார்ட்னர்ஸ்' என்னும் அமைப்பு, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் எவ்விலங்கையும் இப்பணியில் ஈடுபடுத்த இசைவதில்லை.